ஆறு பேர், ஒரே ஒரு போன்: எங்கள் கோலாலம்பூர் பயணம் ஏன் குழம்பியது

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டு டிவியில் ஏதாவது ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடர் ஓடிக்கொண்டிருக்கும். எந்த மொழித் தொடராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் அந்தக் குடும்பம் மலிவாக வெளிநாட்டுக்குக் கிளம்பும். அப்பா அடிமாட்டு விலைக்கு டிக்கெட் பிடிப்பார், பாட்டி பை நிறையப் பலகாரம் கட்டுவார், தங்கும் இடத்தில் கதவு திறக்காது, யாராவது தொலைந்துபோவார்கள், கடைசியில் எல்லோரும் கட்டிப்பிடித்துச் சிரிப்பார்கள். போன ஓகஸ்ட் விடுமுறையில் இது அத்தனையும் எங்களுக்கு நடந்தது. திரும்பி வந்து கதை சொன்னபோது கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முழுக்க ஒரே பதில்தான்: "உங்கட மாமாவின்ட குணம் தெரிஞ்சதுதானே."

அந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நான் கணினி நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். அங்கே ஒரு சேவை விழுந்துவிட்டால் மறுநாள் நிகழ்வு ஆய்வு எழுதுவோம். பிழை விட்டவர் யார் என்று அதில் கேட்பதில்லை. எந்த இடத்தில் ஏற்பாடு இவ்வளவு மெல்லியதாக இருந்தது, ஏன் ஒருவரின் சின்னத் தவறு எல்லோரையும் கொண்டுபோய்த் தெருவில் நிறுத்தியது என்றுதான் பார்ப்போம். மாமாவுக்காகவும் அம்மம்மாவுக்காகவும் அதே முறையில் இந்தப் பயணத்தை எழுதிப் பார்க்கிறேன்.

யார் போனார்கள், ஏன் போனார்கள்

அம்மம்மா (74 வயது, கைத்தடியோடு நடப்பவர்), அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, மாமி, அவர்களின் 11 வயது மகன், நான். அப்பா புறக்கோட்டைக் கடையை விட்டுவிட்டு வரவில்லை.

போனது அம்மம்மாவுக்காக. அவருடைய பெரியப்பா ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குப் போய் ரயில்வேயில் கிளார்க் வேலை பார்த்தவர். பிரிட்டிஷ் காலத்தில் அப்படிப் போனவர்கள் ஏராளம். ஓய்வு பெற்றுத் திரும்பி வந்தவர்களை ஊரில் 'மலாயன் பென்சன்காரர்' என்று ஒரு மரியாதையோடு சொல்வார்கள். அம்மம்மா சின்ன வயதிலிருந்து அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர், இலங்கையை விட்டு வெளியே காலே வைத்ததில்லை.

மாமா நாலு மாதத்துக்கு முன்பே, ஒரு மலிவு விற்பனை நாளில் நடுச்சாமம் வரை முழித்திருந்து, ஆளுக்கு 52,000 ரூபாய்க்குப் போய்வரும் டிக்கெட் எடுத்தார். ஆறு பேருக்கு 312,000. டொலர் விலை ஏறிய பிறகு எங்களைப் போன்ற குடும்பத்துக்கு வெளிநாட்டுப் பயணம் என்பது பேசவே கூச்சமான விஷயமாகிவிட்டது, அதனால் அந்த விலையைக் கேட்டபோது அம்மாவுக்குக் கண் கலங்கியது. டிக்கெட், ஈ-விசா, தங்கும் இடம், பஸ் நேரம், ஆறு பேரின் கடவுச்சீட்டுப் படங்கள் எல்லாம் மாமாவின் போனில் இருந்தன. நாங்கள் யாரும் எதையும் கேட்கவில்லை. "மாமா பாத்துக்கொள்ளுவார்" என்று விட்டுவிட்டோம்.

எந்த வெள்ளி?

மாமா குடும்பக் குழுவில் போட்டிருந்த செய்தி: "வெள்ளி இரவு 12.40 பிளைட்." டிக்கெட்டில் இருந்தது: வெள்ளி, 00:40.

இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு முழு நாள் இருக்கிறது. எங்கள் பேச்சில் இரவு பன்னிரண்டரை என்றால் அது அன்றைய நாளின் கடைசி, நித்திரை கொள்ளாமல் நீளும் அதே இரவு. பஞ்சாங்கக் கணக்கிலும் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். விமான டிக்கெட்டுக்கு நடுச்சாமம் தாண்டினால் திகதி மாறிவிடும். ஆக, வெள்ளி 00:40 என்பது நாங்கள் வியாழன் இரவு என்று சொல்லும் நேரம். மாமா அதைப் பிழையாக வாசித்தார் என்று சொல்வது சரியில்லை, தமிழில் வாசித்தார், அவ்வளவுதான். அந்த டிக்கெட்டை இன்னொருவர் ஒருமுறை பார்த்திருந்தால் போதும், நாலு மாதம் இருந்தது. யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

வியாழன் மாலை 6.50க்கு மாமாவின் போனுக்கு விமான நிறுவனத்திலிருந்து நினைவூட்டல் வந்தது. பாதிப் பொதியும் கட்டவில்லை. மாமி குசினியில் வெள்ளிக்கிழமை கொண்டுபோவதற்காகப் பருத்தித்துறை வடைக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார், முதல் ஈடுதான் பொரித்து முடிந்திருந்தது. அடுத்த நாற்பது நிமிடத்தில் என்ன நடந்தது என்று எனக்கு முழுதாக நினைவில்லை. கட்டில் மேலே சூட்கேஸ், யாரோ கத்துகிறார்கள், அம்மம்மா மட்டும் சாமியறையில் விளக்கை அணைக்காமல் நிற்கிறார். பக்கத்து வீட்டார் ஒழுங்கு பண்ணிக் கொடுத்த வான் வர 7.45 ஆனது. அவசரத்துக்கு 16,000 கேட்டார்கள், சாதாரணமாக 9,000 போதும்.

காலி வீதியில் அந்த நேரத்து நெரிசல் தெரியும்தானே. பேஸ்லைன் வீதியால் சுற்றிப் பேலியகொடையில் கட்டுநாயக்க அதிவேகப் பாதைக்கு ஏறும்வரை ஒருவரும் கதைக்கவில்லை. ஏறிய பிறகு மாமாவுக்கு இன்னொன்று நினைவு வந்தது: மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டை. 2024 ஜனவரியிலிருந்து அது கட்டாயம், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். வெள்ளி காலையில் ஆறுதலாக நிரப்பலாம் என்று வைத்திருந்தார். ஓடும் வானில், உள் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒரே போனில் ஆறு பேருக்கும் நிரப்பினோம். மாமி கடவுச்சீட்டைப் பார்த்து எழுத்து எழுத்தாக வாசிக்க, மாமா தட்டினார். பெற்றறி அப்போதே பாதிக்குக் கீழே.

பொதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலிவு டிக்கெட்டில் ஆளுக்கு 7 கிலோ கைப்பொதிதான், அதற்கு மேல் நாங்கள் வாங்கியிருந்தது ஒரே ஒரு 20 கிலோ. வீட்டில் தொங்கு தராசில் நிறுத்துப் பிரித்துக் கட்ட இருந்த நேரம் போய்விட்டதால் எல்லாம் எங்கேயோ போய் அடைந்திருந்தது. கவுண்டருக்கு முன்னால் நிலத்தில் சூட்கேஸைத் திறந்து மாற்றி அடுக்கியபோது அம்மம்மாவின் மிளகாய்த்தூள் பை ஒரு மூலையால் பிரிந்து எல்லோரும் தும்மத் தொடங்கினோம். வரிசையில் நின்ற ஒரு முஸ்லிம் அம்மா தன் பையிலிருந்து இரண்டு பொலித்தீன் பை எடுத்துத் தந்து, தானே குனிந்து அந்தத் தூளைச் சுற்றிக் கட்டினார். மேலதிகப் பொதிக்கு 27,000 ரூபாய் அங்கேயே கட்டினோம், இணையத்தில் முன்பே வாங்கியிருந்தால் இந்த விலை வந்திராது.

வட்டக் கால் பிளக்

உண்மையான குழப்பம் இங்கேதான். மற்றதெல்லாம் அவசரம்.

கோலாலம்பூரில் இறங்கியபோது அங்கே காலை 6.40. மலேசிய நேரம் எங்களைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், அதனால் உடம்புக்கு அது விடியற்காலை 4.10. தங்கும் இடம் பிற்பகல் 3 மணிக்குத்தான் திறக்கும். அது ஹோட்டல் இல்லை, அடுக்குமாடியில் வாடகைக்கு விடும் வீடு. வரவேற்பு மேசை கிடையாது, கதவுப் பூட்டுக்கான இலக்கம் மட்டும் மாமாவின் வட்ஸ்அப்புக்கு வரும்.

விமான நிலையத்தில் மாமா சுற்றுலாப் பயணிகளுக்கான சிம் ஒன்று வாங்கினார். "ஒண்டு போதும், ஹொட்ஸ்பொட் போட்டு எல்லாரும் பாவிக்கலாம்" என்றார், எங்களுக்கும் சரியென்றுதான் பட்டது. அவருடைய போனில் ஒரு சிம்முக்குத்தான் இடம். இலங்கை சிம்மைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றி பர்ஸுக்குள் வைத்தார். அந்த ஒரு செயலின் கனம் எங்களில் யாருக்கும் அப்போது தெரியவில்லை.

கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு பஸ், அங்கே லொக்கரில் பொதிகள், பக்கத்திலேயே பிரிக்பீல்ட்ஸ். நாலு பக்கமும் தமிழ்ப் பெயர்ப்பலகை, பூக்கடை, தோசை மணம். சாப்பிட்டுவிட்டு ஸ்கொட் வீதியில் இருக்கும் கந்தசுவாமி கோயிலுக்கு அம்மம்மாவைக் கூட்டிப்போனோம். இலங்கையிலிருந்து போன தமிழர்கள் நூறு வருடத்துக்கு முன் கட்டியெழுப்பிய கோயில் அது. அம்மம்மா உள்ளே போகவில்லை, வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். கைத்தடியை என்னிடம் தந்துவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டார். "பெரியப்பா இந்த வாசலால வந்திருப்பார் தம்பி" என்றார். பயணத்தைப் பற்றி யார் சிரித்தாலும் எனக்கு இந்த வாசல்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

இவ்வளவு நேரமும் மாமாவின் போன் ஐந்து பேருக்கு இணையம் கொடுத்துக்கொண்டிருந்தது. பையன் வீடியோ பார்த்தான், அம்மா அப்பாவுக்குப் படம் அனுப்பினார், நான் வரைபடம் பார்த்தேன். ஹொட்ஸ்பொட் பெற்றறியைக் குடிக்கும் என்று எனக்குத் தொழில்முறையிலேயே தெரியும். 2.30க்கு, டக்ஸியில் அந்தக் கட்டிட வாசலில் இறங்கிய நேரத்தில், போன் அணைந்தது.

மாமாவின் சார்ஜர் வட்டக் கால் பிளக். இலங்கையும் இப்போது சதுரக் கால் பிளக்கைத்தான் தரமாக வைத்திருக்கிறது, ஆனால் எங்கள் ஒழுங்கையில் உள்ளதைப் போன்ற பழைய வீடுகளில் சுவரில் இருப்பது இன்னும் வட்டத் துளை. மலேசியாவில் சதுரம் மட்டும். மாற்றுப் பிளக் வீட்டு மேசையில், வெள்ளிக்கிழமை எடுத்து வைக்க வேண்டியவற்றின் குவியலில், பத்திரமாக இருந்தது.

சரி, என் போனில் பெற்றறி இருந்ததே? இருந்தது. காவலாளி ஒரு நேபாளத் தம்பி, தன் போனிலிருந்து இணையம் தந்தார். என் போனில் மாமாவின் மின்னஞ்சலைத் திறந்தால் வீட்டுக்காரரின் இலக்கத்தையாவது எடுக்கலாம். மாமாவுக்குக் கடவுச்சொல் நினைவிருந்தது. ஆனால் புதிய போன் என்பதால், எஸ்எம்எஸ்ஸில் வரும் இலக்கத்தைக் கேட்டது. அது போகும் இடம் இலங்கை சிம், அதாவது பர்ஸுக்குள் டிஷ்யூவில் சுற்றியிருப்பது. அதை எடுத்து என் போனில் போட்டோம். ரோமிங் போடாத சிம், சிக்னலே எடுக்கவில்லை. ஆறு பேரும் நடைபாதையில். வீட்டுக்காரரின் பெயர்கூட எங்களில் யாருக்கும் தெரியாது. அம்மம்மா காவலாளியின் பிளாஸ்டிக் கதிரையில், முதல் நாள் கட்டிய அதே சேலையோடு.

இதைச் சரிப்படுத்தியது அந்தக் காவலாளிதான். அம்மா சிங்களம், தமிழ், கை அசைவு எல்லாம் கலந்து சார்ஜரை அவரிடம் காட்டினார். அவர் பார்த்தவுடன் தலையாட்டிவிட்டு, மூலைக் கடைக்கு மாமாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். மாற்றுப் பிளக் 15 ரிங்கிட். ரிங்கிட்டுக்கு 70 ரூபாய் கொடுத்து மாற்றியிருந்தோம், ஆக 1,050 ரூபாய். போன் உயிர் பெற்றபோது மணி 4.50. கதவு இலக்கம் 3.07க்கே வந்து கிடந்தது. மாமி பொதியைத் திறந்து அந்தத் தம்பிக்கு மிஞ்சியிருந்த வடை முழுவதையும் கொடுத்தார்.

பெண்கள் பெட்டி

இவ்வளவு நடந்தும் நாங்கள் ஏற்பாட்டை மாற்றவில்லை. பிளக் வாங்கியாயிற்று, பிரச்சினை முடிந்தது என்று நினைத்தோம். வேலையிடத்திலும் இதே தவறைத்தான் அடிக்கடி செய்வோம், கடைசியாக உடைந்த பொருளை மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

ஞாயிறு பத்துமலை. அம்மாவும் பையனும் நானும் 272 படியும் ஏறினோம். அம்மம்மா கீழேயே, 2006இல் திறந்த அந்த 42.7 மீட்டர் முருகனைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. திரும்பும்போது கோமுட்டர் ரயிலில் கூட்டம். நடுவில் இளஞ்சிவப்பு அடையாளம் போட்ட பெட்டிகள் பெண்களுக்கு மட்டும். அங்கே இடமிருக்கும் என்று அம்மம்மாவையும் அம்மாவையும் மாமியையும் அதில் ஏற்றிவிட்டு நாங்கள் மூவரும் கடைசிப் பெட்டிக்கு ஓடினோம். "கே.எல். சென்ட்ரல்ல இறங்குங்கோ அக்கா" என்று மாமா கத்தியது அம்மாவுக்குக் கேட்டது.

கேட்டு என்ன, நெரிசலில் அம்மம்மா கைத்தடியோடு வாசலுக்கு வருவதற்குள் கதவு மூடிவிட்டது. ரயில் அடுத்த நிலையமான மிட் வேலிக்குப் போய்விட்டது. நாங்கள் மேடையில் நிற்கிறோம், ஏறிய கூட்டத்தைப் பார்க்கிறோம், இறங்கிய கூட்டத்தைப் பார்க்கிறோம். ரயிலில் போன மூவரிடமும் வேலை செய்யும் போன் ஒன்றும் இல்லை. தங்கும் இடத்தின் விலாசம் இல்லை. காசு மாமாவிடம். அம்மம்மாவின் பிரஷர் மாத்திரை என் தோள் பையில். மாமா வாங்கில் உட்கார்ந்து போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எல்லாம் இருந்தது, பெற்றறியும் நிறைய இருந்தது, அழைப்பதற்கு மட்டும் ஒருவரும் இல்லை.

அங்கே நடந்ததை அம்மா பிறகு சொன்னார். பெட்டியில் இருந்த ஒரு தமிழ்ப் பெண் இவர்கள் பதறுவதைப் பார்த்து, மிட் வேலியில் தானும் இறங்கி, எதிர்ப்பக்க மேடைக்குக் கூட்டிப்போய், ரயில் வரும்வரை கூட நின்று ஏற்றிவிட்டிருக்கிறார். வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இறங்கியதும் அம்மம்மா மாமாவைத் திட்டவில்லை, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். மாமா அழுதுவிட்டார்.

அன்றிரவு பிரிக்பீல்ட்ஸுக்கும் தங்கும் இடத்துக்கும் டக்ஸியிலேயே அலைந்தோம், ரயிலில் ஏற அம்மாவுக்கு மனம் வரவில்லை. முதல் நாளையும் சேர்த்து டக்ஸிக்கு மட்டும் 90 ரிங்கிட், 6,300 ரூபாய். திங்கள் இரட்டைக் கோபுரத்தின் வான்பாலத்துக்கு ஏறலாம் என்று போனால் திங்களில் மூடியிருக்கும் என்ற விஷயம் அங்கே போய்த்தான் தெரிந்தது. கீழே பூங்காவில் படம் எடுத்துவிட்டு வந்தோம்.

எங்கே பிழை

வான், மேலதிகப் பொதி, டக்ஸி, பிளக். குழப்பத்தால் மட்டும் கூடிய செலவு 41,350 ரூபாய். ஏழாவது ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரு டிக்கெட். மலிவு டிக்கெட்டின் மீது எனக்குக் கோபம் இல்லை, அது இல்லாவிட்டால் அம்மம்மா அந்த வாசலைப் பார்த்திருக்கவே மாட்டார். ஆனால் அந்த விலையில் என்னென்ன இல்லை என்று பார்க்க வேண்டும். பொதியைச் சரிபார்க்கும் ஆள் இல்லை, நேரத்தை ஞாபகப்படுத்தும் ஏஜென்ட் இல்லை, சாவி தரும் வரவேற்பாளர் இல்லை, கூட்டிப்போகும் வழிகாட்டி இல்லை. இந்த நாலு பேரின் வேலையும் பயணியின் தலையில்தான் விழுகிறது. எங்கள் வீட்டில் அது ஆறு தலையில் பரவவில்லை, ஒரே தலையில், ஒரே போனில் விழுந்தது.

தொடர்களில் எல்லாவற்றுக்கும் குணம்தான் காரணம். அப்பா கஞ்சன், பாட்டி பிடிவாதம், பிள்ளை குறும்பு. அதனால்தான் அடுத்த வாரமும் அதே குடும்பம் அதே மாதிரிக் குழம்ப முடிகிறது. எங்கள் கதையை அப்படிச் சொன்னால் மாமா ஒரு அவசரக்காரர் என்று முடித்துவிடலாம். நான் மேலே எழுதியவற்றைத் திரும்ப வாசித்துப் பார்க்கிறேன். பிழையான நாள்: டிக்கெட்டைப் பார்த்தவர் ஒருவர். பூட்டிய கதவு: இலக்கம் வந்த போன் ஒன்று, மின்னஞ்சலைத் திறக்கத் தேவைப்பட்ட சிம்மும் அதே ஆளின் பர்ஸில். மிட் வேலி: விலாசமும் காசும் ஒரே ஆளிடம். மூன்றிலும் மாமா செய்தது ஒன்றுதான், எல்லோருடைய பாரத்தையும் தானே தூக்கியது. அதைத் தூக்க விட்டவர்கள் நாங்கள் ஐந்து பேர். இதில் மற்றவர்களைவிட என் பங்கு கூட, ஏனென்றால் வேலையிடத்தில் எந்தத் தகவலுக்கும் இரண்டாவது பிரதி இல்லாமல் நான் வீட்டுக்குப் போவதில்லை.

திருச்சிக்குப் போனபோது

இந்த ஜனவரியில் திருச்சிக்கும் சிதம்பரத்துக்கும் போனோம், அதே மலிவு டிக்கெட்தான். டிக்கெட் எடுத்த அன்றே ஒரு சீ.ஆர். கொப்பியை (பெரிய நோட்டுப் புத்தகம்) பிரித்து வைத்து அம்மா எழுத, நான் சொன்னேன். ஆளுக்கு ஒரு தாள்: தங்கும் இடத்தின் பெயர், விலாசம், தொலைபேசி, எங்கள் இரண்டு பேரின் இந்திய சிம் இலக்கம், மடித்த நோட்டு கொஞ்சம். கதவு, சாவி, டிக்கெட் எல்லாம் மாமாவின் போனிலும் என் போனிலும். இலங்கை சிம் கழற்றப்படவே இல்லை, ரோமிங் போட்டுக்கொண்டுதான் போனோம். பிரிந்துவிட்டால் இறங்கிய இடத்திலேயே நிற்பது என்று முன்பே பேசிக்கொண்டோம். மாத்திரை அம்மம்மாவின் கைப்பையில்.

அம்மம்மா தன் தாளைத் தானேதான் எழுதுவேன் என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கொப்பிக் கோட்டுக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதினார். கிளம்பும் நேரத்துக்கு வந்ததும் பையனைக் கூப்பிட்டு, "இது எந்த நாள் எண்டு சரியாச் சொல்லு" என்றார். அவன் டிக்கெட்டை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "ஞாயிறு பகல், அம்மம்மா. சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்றான். அவர் 'ஞாயிறு' என்று எழுதி, பக்கத்தில் 'சாப்பிட்ட பிறகு' என்றும் எழுதிக்கொண்டார்.